இரண்டு தலையணை கனத்தில் ஒரு நாய்

கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் மூன்று தட்டு விழுந்தது.

எங்கள் துப்பறியும் ஆபீஸ் மிருக ஆஸ்பத்திரிக்கு நேர் மேலே இருக்கிறது. டாக்டரம்மா கீழேயிருந்து கூரையில் ஒரு தட்டு தட்டினால் 'நாற்காலியை இழுக்காதே' என்று அர்த்தம். இரண்டு தட்டினால் டீ வந்துவிட்டது. மூன்று தட்டினால் கேஸ். இந்த ஒன்றரை வருஷத்தில் மூன்று தட்டு ஒரே ஒரு தடவைதான் விழுந்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் டாக்டரம்மா பல்லி விரட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, கேஸு!" என்றேன்.

"பல்லியா இருக்கப் போவுது," என்றாள் அண்ணி. ஆனால் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. என் அண்ணன் பெண்டாட்டி. இருபத்திரண்டு வருஷம் பரீட்சை ஹாலில் சூப்பர்வைசராக நின்றவள். எவன் பிட் வைத்திருக்கிறான் என்று அவன் காதைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ரிடையர் ஆனதும் சும்மா இருக்க முடியவில்லை. வீட்டில் சர்க்கரை டப்பாவை யார் திறந்தது என்று தினமும் விசாரணை. தாங்க முடியாமல் என் அண்ணனே இந்த ஆபீஸை வைத்துக் கொடுத்து, துணைக்கு என்னையும் தள்ளிவிட்டான். நாத்தனாரும் அண்ணியும் ஒரே அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தும் இதுவரை கொலை எதுவும் விழவில்லை. எங்கள் ஆபீஸின் பெரிய சாதனை அதுதான்.

கீழே போனோம். பல்லி இல்லை.

மேஜை மேல் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி. என் உள்ளங்கையில் அடங்கிவிடும். துண்டில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள். வாயோரம் எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. காது துடித்தது, அப்புறம் முன்னங்கால் துடித்தது, அப்புறம் உடம்பு பூராவும் ஒரு உதறு உதறி அடங்கியது. எனக்குப் பூனை என்றாலே ஆகாது. ஆனாலும் நழுவிய துண்டை நானே இழுத்துப் போர்த்திவிட்டேன்.

மேஜையைச் சுற்றி நாலு பேர். அடுத்த தெரு மெத்தைக் கடைக் குடும்பம். மீசை வைத்த முதலாளி, அவர் சம்சாரம், தையல் மெஷினில் உறை தைக்கிற மகள், வீட்டோடு இருக்கிற மருமகன். அந்த மருமகனுக்குப் பூனை முடி ஆகாது. அவன் நின்ற ஐந்து நிமிஷத்தில் ஒன்பது தும்மல் போட்டான்.

"ஆறு வாரக் குட்டி," என்றார் டாக்டரம்மா. "அரைக் கிலோ கூட இல்லை. முதுகு பூரா பிசுபிசுன்னு தெள்ளுப்பூச்சி மருந்து. கழுத்துல ஒரு இடம், தோள்பட்டைக்கு நடுவுல ஒரு இடம், வால்கிட்ட ஒரு இடம், அதுக்கு மேல நீளமா ஒரு கோடு. எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு இதை வைக்கவே கூடாது. குளிப்பாட்டிட்டேன். ஆனா உள்ள போனது போனதுதான்."

"பிழைக்குமா டாக்டர்?" என்று கேட்ட மகளின் குரல் உடைந்திருந்தது.

"என்ன மருந்து, எவ்வளவு, எப்ப வெச்சதுன்னு தெரிஞ்சா பிழைக்க வைக்கலாம். பூனைக்கான மருந்து கொஞ்சம் அதிகமாப் போயிருந்தா எச்சில் வழியும், சோர்ந்து படுக்கும், பார்த்துக்கலாம். நாய்க்கான மருந்தா இருந்தா கதையே வேற. சில நாய் மருந்து பூனை உடம்புக்கு விஷம். அதுக்குப் போடற ஊசி வேற, அளவு வேற. இந்த அரைக் கிலோ உடம்புல நான் குத்துமதிப்பா ஊசி போட முடியாது. இப்ப மணி பதினொண்ணு. பன்னிரண்டுக்குள்ள தெரியணும். நாலு பேரையும் கேட்டுட்டேன், நாலு பேரும் 'நான் இல்லை'ங்கறாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"நான் ஏங்க வைக்கப்போறேன்?" என்று முதலாளி மீசையைத் தடவினார். "எனக்குப் பூனையே பிடிக்காது. கடையில போர்டே மாட்டியிருக்கேன்."

அந்த போர்டு தெருவுக்கே மனப்பாடம். 'இங்கே தெள்ளு இல்லை. ஒரு தெள்ளு காணப்பட்டாலும் பூனை வெளியேற்றப்படும்.' மெத்தை வியாபாரத்தில் பூச்சி என்ற பேச்சு வந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். மகள் அழுது அடம்பிடித்து வைத்துக்கொண்ட குட்டி அது. பெயர் பஞ்சு.

"எங்க பஞ்சுவுக்குத் தெள்ளே கிடையாது," என்றார் முதலாளியம்மா அவசரமாக.

"கிடையவே கிடையாது," என்றாள் மகள்.

மருமகன் தும்மினான். அதையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் அண்ணியின் காதில் சொன்னேன்: "மருமகன்தான் அண்ணி. பூனை போனா தும்மலும் போகும். இதைவிட என்ன மோட்டிவ் வேணும்?"

"வாயை மூடிட்டு அதை உதறு," என்றாள் அண்ணி.

குட்டியை ஒரு தலையணை உறையில் போட்டுத் தூக்கி வந்திருந்தார்கள். உதறினேன். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் டியூப் தரையில் விழுந்தது. காலி. மேலே ஒட்டியிருந்த லேபிளை யாரோ நகத்தால் உரித்து எடுத்திருந்தார்கள்.

"இது எந்தத் தலையணையோட உறை?"

"கையில கிடைச்சதை எடுத்தேன்மா. கடை பூரா தலையணைதான், எதைன்னு சொல்ல?" என்றார் முதலாளியம்மா.

அண்ணி நாலு பேரையும் வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள். பரீட்சை ஹாலில் மூன்றாவது மணி அடித்ததும் பார்ப்பாளே, அதே பார்வை. நாலு பேரும் நாலு திசையில் பார்த்தார்கள்.

"எல்லாரும் கடைக்குப் போய் உட்காருங்க. நாங்க வரோம்."

தெருவில் இறங்கியதும் அண்ணி டியூபைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதைப் பார்த்தா என்ன தோணுது?"

"விஷம் வெச்சவன் தடயத்தை அழிச்சிருக்கான்."

"மண்ணாங்கட்டி. தடயத்தை அழிக்கிறவன் டியூபையே சாக்கடையில போடுவான். பத்திரமா வெச்சுக்கிட்டு லேபிளை மட்டும் உரிக்கிறவன் யாரு? வெட்கப்படறவன். வருஷத்துக்கு நாப்பது பேரை இப்படிப் பார்த்திருக்கேன். பிட் பேப்பரை முழுங்க மாட்டான். அதுல இருக்கிற கையெழுத்தை மட்டும் எச்சில் வெச்சு அழிப்பான்."

"அப்ப கொலைகாரன் இல்லையா?"

"நடடீ."

எதிர் வரிசையில் வளர்ப்புப் பிராணிக் கடை. அதன் சொந்தக்காரர் எப்போதும் கிசுகிசுத்துத்தான் பேசுவார். சத்தம் போட்டால் தொட்டி மீன்கள் பயப்படுமாம். அதனால் அங்கே யார் போனாலும் இரண்டாவது நிமிஷத்தில் அவர்களும் கிசுகிசுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணியே குரலை இறக்கிவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இந்த டியூப் உங்க கடையுதா?"

"எங்க கடையுதுதான். ஆனா நாய்க்கும் பூனைக்கும் ஒரே டியூப், லேபிள்தான் வேற. லேபிள் இல்லாம எனக்கே அடையாளம் தெரியாது."

"மெத்தைக் கடையிலேர்ந்து யாரு வாங்கினாங்க?"

அவர் மீனைப் பார்த்தார். "சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அண்ணாச்சி, ஒரு குட்டி உயிர் ஊசலாடுது," என்றேன் நான், என்னை மீறிக் கொஞ்சம் உரக்க. தொட்டியில் ஏழு மீன்கள் பின்வாங்கின.

அண்ணி என் கையைப் பிடித்து அமுக்கினாள். "பேரே வேண்டாம். இந்த வாரம் நாய்க்குன்னு இந்த மருந்தை எத்தனை பேர் வாங்கினாங்க? அதை மட்டும் சொல்லுங்க."

"ஒரே ஒருத்தர். நேத்து சாயங்காலம். ஹெல்மெட்டைக் கழட்டவே இல்லை. கண்ணாடியைக்கூட ஏத்தலை." அவருக்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை போலிருக்கிறது, கிட்டே வந்தார். "நாய் எவ்வளவு பெரிசுன்னு கேட்டேன். எடைக்குத் தகுந்த மருந்துதானே தரணும்? அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். கையை விரிச்சார், சுருக்கினார். கடைசியில, 'ரெண்டு தலையணை கனம் இருக்கும்'னார்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. "இலவம்பஞ்சா, சாதாப் பஞ்சான்னு கேட்டிருக்கலாமே!"

"நாயோட பேர் என்னன்னு கேட்டேன். அதுக்கும் யோசிச்சார். 'நாய்'னார்."

"அண்ணி, கேஸ் முடிஞ்சுது," என்றேன். "தலையணையில எடை சொல்றவன் மெத்தைக் கடை ஆளு. ஹெல்மெட் யார் போடறது? பைக்கில தலையணை கட்டிக்கிட்டுப் போய் டெலிவரி பண்ற மருமகன். நான்தான் அப்பவே சொன்னேனே!"

அண்ணி என்னைக் கவனிக்கவே இல்லை. கடையின் மூலையில் ஒரு கூண்டில் நாலு பூனைக்குட்டிகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி விளையாடிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அந்த ஹெல்மெட்காரர் தும்மினாரா?"

"இல்லையே. தும்மினது புதன்கிழமை வந்தவரு. பாவம், மூணு கர்ச்சீப் நனைஞ்சுபோச்சு. அவர் வாங்கினது பூனை மரு..." சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அண்ணியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒரே பெஞ்சில் நாலு தாளில் ஒரே தப்பு விடை இருந்தால் வருமே, அந்த வெளிச்சம்.

வெளியே வந்ததும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். நாய் மருந்தாக இருக்கலாம் என்றேன். "இருக்கலாம்னா எப்படி? வெச்சாங்களா இல்லையா? முழு டியூபா, ஒரு சொட்டா? எத்தனை மணிக்கு?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, கொஞ்சம் தணிந்து, "உதறல் அதிகமாயிட்டே போவுது. சீக்கிரம்," என்று வைத்துவிட்டார். மணி பதினொன்று முப்பது. அண்ணியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"யாருன்னு தெரிஞ்சா நேரா கேட்டுடுங்களேன் அண்ணி!"

"நேரா கேட்டா இல்லைன்னு சத்தியம் பண்ணுவாங்க. ஒருத்தர் எதிர்ல ஒருத்தர் ஒப்புக்கிட்டதா சரித்திரமே கிடையாது. தனித்தனியா உட்கார வெச்சாத்தான் எழுதுவாங்க."

மெத்தைக் கடை. பஞ்சு அடிக்கிற மெஷின் நின்றுபோயிருந்தது. சுவரில் அந்த போர்டு. அதற்குக் கீழே ஆணியில் ஹெல்மெட் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். அதைப் பார்த்ததும் நான் என் மருமகன் தியரியைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

அண்ணி கைதட்டினாள். "ஆளுக்கொரு மெத்தை. ஆறடி இடைவெளி. எல்லாரும் சுவரைப் பார்த்து உட்காருங்க."

"என் கடையில எனக்கே பரீட்சையா?" என்று எகிறினார் முதலாளி.

"கேள்வி ஒண்ணுதான். இந்த வாரம் குட்டி மேல நீங்க என்ன வெச்சீங்க, எவ்வளவு, எப்ப? பேர் எழுத வேண்டாம். பக்கத்து மெத்தையைப் பார்த்தா தாளைப் பிடுங்கிடுவேன். பொய் எழுதினா அந்தக் குட்டி பன்னிரண்டு மணிக்கு மேல இருக்காது. அஞ்சு நிமிஷம். ஆரம்பிக்கலாம்."

கைப்பையிலிருந்து வெள்ளைத் தாளும் கூர் சீவிய பென்சிலும் வந்தன. பதினொன்று முப்பத்தெட்டு. புது மெத்தைகளின் பிளாஸ்டிக் உறை, யார் கொஞ்சம் அசைந்தாலும் கிரீச்சென்றது. முதலாளியம்மா பென்சிலைக் கடித்தார். மகள் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மருமகன் தும்மினான், "ஹாலில் சத்தம் கூடாது," என்றாள் அண்ணி. "பூனை முடிங்க, மெத்தையிலேயே இருக்கு," என்று அவன் முனகினான்.

மூன்றாவது நிமிஷம் மூன்று பேரும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்கள். முதலாளி மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். மீசை நுனி தாளில் உரசியது. தாளைத் திருப்பினார், பின்பக்கமும் எழுதினார். அப்புறம், சுவரைப் பார்த்தபடியே, மெதுவாக வலது கையைத் தூக்கினார்.

"என்ன?"

"அடிஷனல் ஷீட்," என்றார் முதலாளி.

குரல் அவருடையதாகவே இல்லை.

தாள்களை வாங்கியதும் அண்ணி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் படிக்க ஆரம்பித்தாள். பேர் வேண்டாம் என்று சொன்னதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முதல் தாளிலேயே தெரிந்துவிட்டது.

"திங்கள். பூனை மருந்து. கழுத்துல ஒரு சொட்டு. பாவம், சொறிஞ்சுக்கிட்டே இருந்துது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா வெளிய விட்டுடுவார்."

முதலாளியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"செவ்வாய். பூனை மருந்து, பாதி டியூப், தோள்பட்டைக்கு நடுவுல. அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் சொல்லிடாதீங்க."

"நீயுமாடி?" என்றார் முதலாளியம்மா முந்தானைக்குள்ளிருந்து.

"புதன். பூனை மருந்து. கழுத்துலதான் வைக்கப் போனேன், தும்மல் வந்து கை வால் பக்கம் போயிடுச்சு. என் பெண்டாட்டி இந்தக் குட்டி போனா சாப்பிட மாட்டா. எனக்கும் ஒரு மாதிரி பழகிப்போச்சு."

மகள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு வருஷக் கல்யாணத்தில் அப்படி ஒரு பார்வை அவன் வாங்கியிருக்கவே மாட்டான். நான் அவனைக் கொலைகாரன் ஆக்கியது ஞாபகம் வந்து, தலையணை அடுக்கை எண்ணுவதுபோல் பாவனை செய்தேன்.

நாலாவது தாள். அண்ணி கொஞ்சம் நிறுத்தி, பிறகு படித்தாள்.

"இன்னிக்கு, வெள்ளிக்கிழமை. காலையில ஆறு மணி. நாய் மருந்து. முழு டியூப், முதுகு நீளத்துக்கு. மதியம் நான் படுக்கும்போது அது என் வயித்து மேல ஏறிப் படுக்கும். ரெண்டு நாள் தள்ளிவிட்டேன். மூணாவது நாள் தள்ளலை. நேத்து என் தலையணையில ஒரு தெள்ளு இருந்துது. யாராவது பார்த்தா, நான் மாட்டின போர்டுக்கு நானே கட்டுப்படணும். தெரு பூராவும் பூனையைத் திட்டினவன் கடையில போய்ப் பூனை மருந்துன்னு எப்படிக் கேட்பேன்? நாய்க்குன்னு கேட்டேன். மருந்து மருந்துதானேன்னு நினைச்சேன். லேபிள்ல இருந்த நாய் என்னையே பார்க்கிற மாதிரி இருந்துது, உரிச்சுட்டேன். டியூபை என் தலையணை உறைக்குள்ள ஒளிச்சு வெச்சேன். ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். எல்லாரும் நின்னாங்க. வேற ஏதோ வந்துடுச்சு."

போனில் டாக்டரம்மா, "ஆறு மணி, முழு டியூப், நாய் மருந்து. போதும்!" என்று கத்தினார். டப்பா திறக்கிற சத்தம், எதையோ உடைக்கிற சத்தம். அப்புறம் போன் கட்டாகிவிட்டது. பதினொன்று நாற்பத்தாறு.

அடிஷனல் ஷீட் அண்ணி கையில் மிச்சம் இருந்தது. அதை அவள் படிக்கவில்லை, என்னிடம் கொடுத்தாள். தாள் பூராவும் ஒரே வார்த்தை, பெரிய எழுத்தில்.

'காப்பாத்துங்க.'

முதலாளி இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது, மெத்தை கிரீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவர் சம்சாரம் எழுந்து போய் அதே மெத்தையில் பக்கத்தில் உட்கார்ந்தார். "சரி விடுங்க," என்றார். "நாலு பேரும்தானே பண்ணினோம்."

மூன்று மணி வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். முதலாளி கடையைத் திறக்கவே போகவில்லை. இரண்டு தடவை எழுந்து கதவருகே போய், உள்ளே எட்டிப் பார்க்கப் பயந்து, திரும்பி வந்து உட்கார்ந்தார். நானும் அண்ணியும் மாடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. பூனை எனக்கு ஆகாது என்று முன்பே சொன்னேன், அது இப்போதும் உண்மைதான். ஆனால் அன்றைக்கு நான் டீயைக்கூடத் தொடவில்லை.

மூன்று பத்துக்கு டாக்டரம்மா கதவைத் திறந்தார்.

"உதறல் நின்னுடுச்சு. கண் திறந்து பார்க்குது. என் விரலைக் கடிச்சுது."

"கடிச்சுதா!" என்று முதலாளி ஏதோ முதல் மார்க் வாங்கிய செய்தி கேட்டதுபோல் எழுந்தார். உள்ளே ஓடினார். மேஜை மேல் பஞ்சு, ஈரமும் பிசுக்குமாக, தேய்ந்துபோன பல்துலக்கும் பிரஷ் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் தள்ளாடி எழுந்து, மேஜை விளிம்புக்கு வந்து, அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்து ஏறி, வயிற்றின் மேல் தனக்கென்று இருந்த இடத்தில் சுருண்டுகொண்டது. மீசைக்காரர் பூனையைக் கொஞ்சுவதை ஊரே ஜன்னல் வழியாகப் பார்த்தது. அவர் கவலைப்படவே இல்லை.

"அந்த போர்டைக் கழட்டிடறேன்," என்றார். "இனிமே தெள்ளைப் பார்த்தவங்க வாயைத் திறந்து சொல்லணும். மருந்தை டாக்டர் மட்டும்தான் வைக்கணும்."

டாக்டரம்மா மருந்துச் சீட்டு எழுதினார். "ராத்திரி கதகதப்பா வெச்சுக்கோங்க. எட்டு வாரம் ஆகிற வரைக்கும் மருந்து கிடையாது, சீப்பால வாரினாப் போதும்." பிறகு குட்டியின் வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்தவர், நெற்றியைச் சுருக்கினார். நிமிர்ந்து நாலு பேரையும் பார்த்தார்.

"அது சரி. ஆறு வாரக் குட்டிக்கு வயிறு ஏன் இப்படிப் பந்து மாதிரி இருக்கு? தினமும் இதுக்கு யாரு சாப்பாடு போடறது?"

முதலாளியம்மா தரையைப் பார்த்தார். மகள் ஜன்னலைப் பார்த்தாள். மருமகன் தும்ம முயற்சி செய்தான், வரவில்லை.

அண்ணி கைப்பையைத் திறந்து வெள்ளைத் தாள்களை எடுத்தாள். பென்சில் முனையை ஊதினாள்.

அவள் கேள்வியைச் சொல்லி முடிப்பதற்குள், ஒரு கையால் பஞ்சுவை அணைத்துக்கொண்டு, முதலாளி இன்னொரு கையைத் தூக்கிவிட்டார்.

"எனக்கு இப்பவே அடிஷனல் ஷீட் குடுத்துடுங்கம்மா."